பூட்டிய வீட்டில் எனக்குக் கிடைத்த பாதுகாப்பு உத்தரவு

அம்மனை நம்பி வாழும் சகோதரிகளே, எனக்கு நடந்ததை உங்களிடம் சொல்லாமல் இருந்தால் அது நன்றி கெட்டதனம்.

நான் நூம்பலில் பிறந்தவள். கல்யாணமாகித் திருநின்றவூரில் ஒரு வாடகை வீட்டுக்குப் போனேன். மகள் பிறந்த பிறகு கணவர் கை நீட்ட ஆரம்பித்தார். காலையில் வேலைக்குப் போக ரயிலுக்குக் கிளம்பும்போது வெளியே பூட்டிவிட்டுப் போவார். என் போனையும் எடுத்துக்கொள்வார். அவர் வரும்வரை நானும் குழந்தையும் உள்ளே. வந்த பிறகு அடி. எது மோசம் என்று எனக்கே தெரியாது.

பொங்கலுக்கு அம்மா வீட்டுக்குப் போனபோது அண்ணனிடம் கையிலிருந்த காயத்தைக் காட்டினேன். "பொட்டப்புள்ள கீது உனக்கு. கொஞ்சம் அனுசரிச்சுகினு போ" என்றான். அன்றே திரும்பிவிட்டேன். போக வேறு இடமில்லை.

ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. சமையலறையில் அம்மன் படத்துக்கு முன் உட்கார்ந்தேன். விளக்கேற்ற எண்ணெய்கூட இல்லை. "தாயே, சாகவும் பயமா இருக்கு, இருக்கவும் பயமா இருக்கு. யாரையாவது அனுப்பு" என்று அழுதேன். அன்று யாரும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. கோபத்தில் படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன். அந்தப் பாவத்தையும் சொல்லிவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை காலை, குழந்தைக்கு எடை பார்க்க அங்கன்வாடி அக்கா வந்தார். ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துத் திகைத்துப்போனார்.

"இன்னாம்மா, வெளிய பூட்டு தொங்குது, நீ உள்ள கீற?"

கணவருக்குத் தெரிந்தால் என்ன ஆகும்? "அவர்தான்க்கா பூட்டிகினு போறாரு. தெனமும் அடிக்கிறாருக்கா" என்றேன். அந்தக் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

அக்கா அங்கேயே நின்று பெண்கள் உதவி எண்ணுக்குப் போன் செய்தார். மதியத்துக்குள், குடும்ப வன்முறைப் புகார்களைப் பார்க்கும் பாதுகாப்பு அலுவலர் மேடம் ஒருவர் பெண் போலீசோடு வந்து பூட்டை உடைக்க வைத்தார்.

அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். "நீ எதுக்கும்மா போகணும்? நீ குடியிருக்கிற வீடு இது. சட்டம் உன் பக்கம் இருக்கு" என்றார். நடந்ததையெல்லாம் கேட்டு எழுதி, என் போனைத் திரும்ப வாங்கித் தந்து, கோர்ட்டில் மனுப் போடவும் உதவினார். உத்தரவு வரும்வரை வீட்டுக்கு வரக் கூடாது என்று போலீஸ் கணவரை எச்சரித்து வைத்தது. மாஜிஸ்திரேட் முன்னால் எல்லாவற்றையும் சொன்னேன். கணவர் என்னை அடிக்கக் கூடாது, மிரட்டக் கூடாது, வீட்டுப் பக்கமே வரக் கூடாது என்று இடைக்கால உத்தரவு வந்தது.

ஒரு காகிதம் அவரைத் தடுக்குமா? பத்து நாள் எனக்குத் தூக்கமில்லை. பதினோராம் நாள் வாசலில் வந்து கத்தினார். "கதவத் தொறடி!"

உத்தரவின் நகலை ஜன்னலில் தூக்கிக் காட்டினேன். "இத மீறினா கைது பண்ணுவாங்க. ஸ்டேஷனுக்குப் போன் போட்டாச்சு."

முறைத்துப் பார்த்தார். பிறகு போய்விட்டார். கதவில் சாய்ந்து "அம்மா, அம்மா" என்று அழுதேன். பிறகு அம்மன் படத்தை நேராகத் திருப்பி வைத்தேன்; அந்த அக்காவை அனுப்பியது அவள்தானே.

வழக்கு இன்னும் நடக்கிறது. பயமும் முழுதாகப் போகவில்லை. ஆனாலும் பூந்தமல்லியில் ஒரு தையல் கடைக்கு வேலைக்குப் போகிறேன். மகள் இப்போது சத்தமாகச் சிரிக்கிறாள்.

சகோதரிகளே, உங்களில் யாராவது இப்படி மாட்டிக்கொண்டிருந்தால் தாயிடம் அழுங்கள். அழுதுவிட்டு, யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். பாதுகாப்பு கேட்பது குடும்பத்தைக் கெடுப்பது ஆகாது. அந்தத் தைரியத்தை உங்களுக்கும் கொடுக்கச் சொல்லி நான் தினமும் வேண்டிக்கொள்கிறேன்.