சதுர ஓட்டைகள்

காலை ஏழு மணி பத்து நிமிடம். மானிப்பாய்ச் சலூனில் நான் எடுத்த பத்திரிகையின் நடுவே சதுரமாக ஓர் ஓட்டை. பள்ளிக்கூட வேலைக்கென்று மகள் படம் வெட்டிவிட்டாள் என்றார் முடிவெட்டுபவர். எனக்கோ, புதுத்துணியும் மெசின் எண்ணெயும் மணக்க, எங்கள் ஊர்க் கம்யூனிஸ்ட் தையல்காரர் தன் கடைப் பின்னறையில் நடத்திய, இன்று சுவர்கூட மிஞ்சாத வாசிகசாலை நினைவுக்கு வந்தது. சோவியத் நாட்டைக் குறைசொல்லும் செய்திகளைத் துணிக் கத்தரிக்கோலால் வெட்டியெடுத்த பிறகே அவர் பத்திரிகையை மேசையில் வைப்பார்.

“தோழர், சட்டையை வெட்டச் சொன்னால் பேப்பரை வெட்டுறியள்,” என்பார் அப்பா.

“உது முழுப் பொய், அண்ணை. பொய்யை வாசிச்சு என்ன செய்யப்போறியள்?”

பின்னாளில் நானே பத்திரிகைக்காரனாகி, செய்தியை வெட்டியவர்களையெல்லாம் சர்வாதிகாரிகள் என்று எழுதினேன். அவரையும் அந்த வரிசையில் வைப்பது நியாயமா, விடுவது நியாயமா என்று இன்றும் குழப்பமாகவே இருக்கிறது. அந்நாளில் சந்தித் தேநீர்க் கடையில் எங்கள் சாதியினரை வெளியே நிறுத்திப் போத்தலில்தான் ஊற்றுவார்கள். அப்பா முதன்முதலாக வாங்குப் பலகையில் அமர்ந்து, மற்றவர்கள் குடித்த அதே கிளாசில் தேநீர் குடித்தது அந்தப் பின்னறையில்தான்.