அப்பா குடித்த கோப்பை

விருந்தினர் வந்தால் சிரிப்பதற்கென்று எங்கள் வீட்டில் ஒரு கதை உண்டு. யூதர்களின் தீர்க்கதரிசிக்கு ஊற்றி வைத்திருந்த வைனை அப்பா எடுத்துக் குடித்த கதை. அம்மாதான் சொல்லுவார். தலையை அண்ணாந்து, அப்பா குடித்த விதத்தை நடித்தும் காட்டுவார். அப்பா பக்கத்தில் இருந்து சிரிப்பார். நானும் பல வருடங்கள் சிரித்தேன். இப்போது அம்மா அந்தக் கதையைத் தொடங்கினால், தேத்தண்ணி போடுகிறேன் என்று சொல்லிக் குசினிக்குள் போய்விடுகிறேன்.

அப்போது எனக்கு எட்டு வயது. வன்னியில் போர் முடிந்துகொண்டிருந்த வசந்தகாலம். அம்மாவின் ஒரே தம்பி, என் சின்ன மாமா, அங்கே அகப்பட்டிருந்தார். தைப்பொங்கலுக்கு முன்னர் ஒருநாள் போன் எடுத்து, "அக்கா, லைன் கிடைச்சா திரும்ப எடுப்பன்" என்று சொன்னதோடு சரி. அதன் பிறகு அம்மா குளிக்கப் போகும்போதும் போனைக் கொண்டு போனார். சாப்பாட்டைத் தட்டில் போடுவார், பிசைவார், பிறகு குப்பையில் கொட்டுவார்.

லண்டன் இல்ஃபோர்ட்டில் எங்கள் வீட்டோடு ஒட்டியிருந்த வீட்டில் ஒரு யூத அங்கிளும் அவருடைய அக்காவும் இருந்தார்கள். அங்கிள் தலையில் சின்னத் தொப்பி வைத்திருப்பார். அவர்களுடைய ஓய்வுநாளான சனிக்கிழமைகளில் லைட் சுவிட்சைக்கூடத் தொடமாட்டார். அவருடைய அக்கா அதே சனிக்கிழமை தோட்டத்தில் இருந்து சிகரெட் பிடித்தபடி ரேடியோ கேட்பார். எங்கள் வீட்டில் ரிமோட்டுக்குச் சண்டை நடப்பதைப்போல அந்த வீட்டில் கடவுளுக்குச் சண்டை நடக்கும். ஆனாலும், புளித்த மா வீட்டில் இருக்கக்கூடாத பெசாக் பண்டிகை நெருங்கினால் புளித்த மாவின் ஒரு துணிக்கைகூட இல்லாமல் குசினியைத் துடைப்பது அந்த அக்காதான். "நான் நம்பாத ஒருவருக்காக என் முழங்கால் தேய்கிறது" என்று எங்கள் அம்மாவிடம் முறையிடுவார். அந்த வீட்டுப் பிஸ்கட்டுகளெல்லாம் அந்த வாரம் எங்களிடம் வந்துவிடும் என்பதால் அது எனக்கு மிகவும் பிடித்த பண்டிகை.

அந்த வருடம் பிஸ்கட்டோடு வந்த அந்த அக்கா அம்மாவையும் பார்த்துவிட்டார். "இவள் காற்றில் பறக்கப் போகிறாள். நாளைக்கு எங்கள் மேசைக்கு வரவேண்டும்" என்றார். அம்மாவுக்கு விருப்பமில்லை.

"போயிட்டு வாங்கோ. வராட்டில் அவைக்கு மனம் நோகும்" என்றார் அப்பா. "நான் ஷிப்ட் முடிய வந்து உங்களைக் கூட்டிக்கொண்டு போறன்."

அப்பா அப்போது பெற்றோல் நிலையத்தில் வேலை செய்தார்.

மேசையில் எங்களைத் தவிர மூன்றே பேர்: அங்கிள், அவருடைய அக்கா, பண்டிகைக்கு வந்திருந்த அங்கிளின் மகள். மகள் போகும் தொழுகைக்கூடத்தில் ஆணும் பெண்ணும் ஒன்றாக இருப்பார்கள் என்பதால் அங்கிள் அங்கே காலெடுத்து வைத்ததில்லை. எகிப்தில் அடிமைகளாக இருந்த முன்னோரின் கண்ணீர் என்று சொல்லி உப்புத் தண்ணீரில் கீரையைத் தோய்த்துத் தந்தார்கள். அம்மா வாயில் வைத்துவிட்டு, "உப்புக் காணாது" என்று என் காதுக்குள் சொன்னார். அது பகிடியா என்று எனக்கு விளங்கவில்லை.

சாப்பிட்டு முடித்த பிறகும் நடுவில் ஒரு வெள்ளிக் கோப்பை நிறைய வைனோடு இருந்தது. ஒருவரும் தொடவில்லை. "ஆருக்கு எண்டு கேள்" என்றார் அம்மா.

எலியா தீர்க்கதரிசிக்கு, என்றார் அங்கிள். மெசியா வருவதற்கு முன் அந்தச் செய்தியைக் கொண்டு வருகிறவர். மெசியா வந்தபின் இறந்தவர்களும் எழுந்து வருவார்கள். நாளைக்கு விடியும் என்று சொல்வதைப்போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். "அவர் சுணங்குகிறார் என்பதற்காக நாங்கள் பார்த்திருப்பதை நிறுத்தக்கூடாது."

மகள் இடைமறித்தார். அது ஓர் ஆள் அல்ல, ஒரு காலம்; நீதியான அந்தக் காலத்தை நாங்கள்தான் உண்டாக்கவேண்டும். தங்களுடைய வழிபாட்டுப் புத்தகத்தில் 'இறந்தவரை எழுப்புகிறவர்' என்ற இடத்தில் 'எல்லாவற்றுக்கும் உயிர் தருகிறவர்' என்று மாற்றியிருக்கிறார்கள் என்றார்.

"பிழையான புத்தகம்" என்றார் அங்கிள்.

"ஒருவரும் வரமாட்டார்கள்" என்றார் அக்கா. "எல்லாரும் எழும்பி வந்தால் மேசையில் இடமும் காணாது."

"கடவுள் ஒருவர் என்பதிலாவது மூன்று பேருக்கும் உடன்பாடுதானே?" என்று அங்கிள் கேட்டார்.

"ஒருவரா, அதற்கும் குறைவா என்பதில்தான் பேச்சு" என்றார் அக்கா. மூவரும் சிரித்தார்கள்.

எல்லாவற்றையும் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். மூன்று பதிலில் அம்மா ஒன்றைத்தான் எடுத்துக்கொண்டார். "சுணங்கினாலும் பார்த்திருக்கவேணும் எண்டோ சொன்னவர்? வடிவாக் கேட்டுச் சொல்லு" என்று என்னை உலுக்கினார். அங்கிளிடம் திரும்பக் கேட்டேன். அவர் அம்மாவைப் பார்த்துத் தலையசைத்தார்.

பிறகு எலியாவுக்காக வாசற்கதவைத் திறக்கும் நேரம் வந்தது. அதைப் பிள்ளைகள் திறப்பதுதான் வழக்கம் என்று என்னை அனுப்பினார்கள். எல்லோரும் எழுந்து நின்றார்கள். நான் ஓடிப்போய்த் திறந்தேன்.

அப்பா நின்றுகொண்டிருந்தார். பெற்றோல் நிலைய உடுப்பு, கையில் போன். பெல்லை அழுத்தத் தூக்கிய விரல் அப்படியே நின்றது.

"எலியா வந்துவிட்டார்! சீருடையில் வந்திருக்கிறார்!" என்று மகள் கத்தினார். மேசையே அதிர்ந்தது. அங்கிள் அப்பாவைத் தோளில் பிடித்து உள்ளே கொண்டுவந்து கதிரையில் இருத்தினார்.

"ஷிப்ட் முடிஞ்சுதோ அப்பா?" என்றேன்.

"ஓம் பிள்ளை. வெள்ளன விட்டிட்டாங்கள்."

ஏன் நேரத்துக்கு முன்னரே விட்டார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. அப்பா அம்மாவைப் பார்த்தார். பிறகு முன்னால் இருந்த வெள்ளிக் கோப்பையை எடுத்து, ஒரே மூச்சில் கடைசித் துளிவரை குடித்தார். கல்யாண வீடுகளிலும் சோடா மட்டும் குடித்துவிட்டு எழும்புகிற மனிதர்.

"ஐயோ, அது சாமிக்கு வைச்சது!" என்று அம்மா தலையில் கை வைத்தார். அப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அங்கிள்தான் முதலில் சிரித்தார். "என் வாழ்நாளில் இன்றுதான் இந்தக் கோப்பை வெறுமையாகியிருக்கிறது! உங்கள் வீட்டுக்கு விருந்தாளி வரத்தான் போகிறார்" என்றார். நான் அதைத் தமிழில் சொன்னேன். அம்மா சிரித்தார். மாதக்கணக்காக நான் காணாத பல்வரிசை. நான் கைதட்டினேன்.

அப்பா அந்தச் சிரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, கை கழுவவேண்டும் என்று எழுந்து வாசல் நடைக்குப் போனார்.

நானும் பின்னால் போனேன். அங்கே அந்த அக்கா எனக்கு முன்னரே போய் நின்றார். அப்பாவின் கையில் இருந்த போனைப் பார்த்து, "அவளுடைய தம்பியா?" என்று கேட்டார். அப்பா சுவரைப் பார்த்தபடி நின்றார். அந்த அக்கா மெதுவாகச் சொன்னார்: "எங்கள் அம்மாவும் ஒரு தம்பிக்காகக் காத்திருந்தாள். உடல் கிடைக்காவிட்டால், இனிக் கிடைக்காது என்று மனம் கைவிடுகிற நாளிலிருந்து துக்கம் காக்கலாம் என்று எங்கள் சட்டத்தில் இருக்கிறது. அம்மா அந்த நாளைச் சாகும்வரை வரவிடவில்லை. இன்றைக்குச் சொல்லவேண்டாம். ஆனால் அதிகம் பிந்தவிடாதே."

அப்பா அந்த வெள்ளைக்காரப் பெண்மணியிடம் தமிழில், "ஓம், ஓம்" என்றார். எதைச் சொல்லவேண்டாம் என்கிறார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பும் பத்து அடி தூரத்தில் அம்மா அப்பாவை ஏசினார். "மானத்தை வாங்கிப் போட்டியளப்பா. கேட்டிட்டுக் குடிக்கத் தெரியாதே?" பேச்சில் கோபமே இல்லை. உள்ளே போனதும் வாசல் லைட்டைப் போட்டார். "இது எரியட்டும். தம்பி எந்த நேரம் வந்தாலும் வீடு தெரியவேணும்." அப்பா சுவிட்சையும் அம்மாவையும் பார்த்தார். பிறகு சப்பாத்தைக் கழற்றினார்.

அந்த லைட் இன்றுவரை எரிகிறது. அங்கிள் இறந்துபோனார். அக்கா முதியோர் இல்லத்துக்குப் போனார். பிறகு ஒன்றும் தெரியவில்லை. அப்பா ஒவ்வொரு முறையும் பல்ப் பியூஸானால் அன்றைக்கே கதிரை போட்டு ஏறி மாற்றிவிடுவார். வீட்டில் வேறு எந்தத் திருத்த வேலையையும் நாலுதரம் சொன்னால்தான் செய்வார். அதை வைத்தும் நாங்கள் பகிடி பண்ணியிருக்கிறோம்.

போன குளிர்காலம் ஆஸ்பத்திரியில் வைத்து அப்பா எனக்குச் சொன்னார். அன்று வேலையில் நின்றபோது, சின்ன மாமாவைப் பதுங்குகுழிக்குப் பக்கத்தில் தன் கையால் புதைத்தவர் போனில் பேசினாராம். "உன்ரை அம்மா அண்டைக்குச் சிரிச்சவ பிள்ளை. நாளைக்குச் சொல்லுவம் எண்டு விட்டிட்டன்" என்றார். சொல்லவேண்டுமா என்று கேட்டேன். "எனக்குத் தெரியேல்லை. நீ படிச்சனீ" என்றார். அந்த வாரமே போய்விட்டார்.

அம்மா பொட்டைக் கழுவிவிட்டு அப்பாவுக்கு அழுதார். தம்பிக்காக இன்னும் அழவில்லை. ஒவ்வொரு காலையும் இன்று சொல்லலாம் என்று நினைக்கிறேன். சொன்னால், இத்தனை வருடமும் அப்பா பொய் சொன்னார் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். ஒரே வாயால் இருவரையும் எப்படிப் பறிப்பது? சொல்லாமல் விடுவது அன்பா, கோழைத்தனமா? கூகிளில் தேடினேன். தோழியிடம் கேட்டேன். எந்தப் பதிலும் அடுத்த நாள்வரை நிற்கவில்லை.

நேற்று பல்ப் பியூஸாகிவிட்டது. "பல்ப் வாங்கினனியே?" என்று அம்மா நாலுதரம் கேட்டுவிட்டார். கதிரையைப் போட்டு ஏறினேன். என் மகளுக்கு நாலு வயது. கதிரையின் காலைப் பிடித்துக்கொண்டு, இந்த லைட் ஆருக்கு என்று கேட்டாள்.

"என்ரை தம்பிக்கு. சுணங்கினாலும் வருவான்" என்றார் அம்மா.

பல்பைத் திருகினேன். வாசல் வெளிச்சமானது. மகள் கைதட்டினாள்.