அம்பாரத்தில் ஒரு கண்

அந்த வீடியோ விளையாட்டில் போலீஸ் துரத்தும் கட்டம்தான் எனக்கு உயிர். சக்கரம் வைத்த காலணியோடு படிக்கட்டுக் கைப்பிடிகளில் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். கையில் பெயின்ட் டப்பா. கண்ணில் பட்ட சுவரில் எல்லாம் நம் படத்தை அடித்துவிட்டுப் பிடிபடாமல் ஓடிவிட வேண்டும். வீடு, வண்டி, மனிதர்கள் எல்லாமே தடித்த கறுப்புக் கோட்டுக்குள் கொழுத்த நிறங்களில் இருக்கும். மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய வீட்டில் வருஷம் முழுக்க வெள்ளையையும் சேற்றையும் பார்த்துக் கொண்டிருந்தவளுக்கு அது திருவிழா மாதிரி இருந்தது.

கோட்டக்குப்பத்தில் துபாயிலிருந்து திரும்பிய ஒருவர் வீட்டில் பழைய சாமான்களை விற்றபோது அப்பா அந்த விளையாட்டுப் பெட்டியை வாங்கி வந்தார். உப்பளத்துக் காவல்காரருக்கு அது எப்படிக் கட்டுப்படியானது என்று நான் கேட்கவில்லை. எனக்கு அப்போது இருபது வயது. கல்லூரியில் இரண்டு அரியர் வைத்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தேன். கிடைத்ததைக் கேள்வி கேட்டுக் கெடுத்துக்கொள்ளும் ஆள் இல்லை நான்.

நம் படத்தை நாமே வரைந்துகொள்ளவும் அதில் வழி உண்டு. கட்டம் கட்டமாக நிறம் வைத்து ஒற்றைக் கண் ஒன்று வரைந்தேன். கருவிழி இடது ஓரத்துக்கு ஒதுங்கியிருக்கும், பக்கத்தில் யாரோ வந்து நிற்பதைத் தலை திருப்பாமல் பார்ப்பதுபோல. அதே ஓரத்திலிருந்து ஒரு சொட்டு வழியும். இரண்டு நாள் வேலை அது. அந்த ஊர்ச் சுவர் எங்கும் என் கண்தான்.

இரண்டாயிரத்து ஆறில் மூட்டுக் காய்ச்சல் வந்து வீட்டுக்கு ஒருவரைக் கட்டிலில் போட்டது. எங்கள் வீட்டில் அப்பா. அவர் தலைமாட்டுக்குப் பின்னால் டிவி, எதிரே பீரோ. கட்டிலைத் திருப்பிப் போட இடம் கிடையாது. கழுத்தை அசைக்க முடியாமல், பீரோ கண்ணாடியிலேயே என் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பார்.

பத்து நாளில் எழுந்துவிட்டார். விரலை மட்டும் மடக்க முடியவில்லை என்றார். காவலுக்குப் போவதை மட்டும் நிறுத்தவில்லை.

காவல் வேலையில் இன்னொன்றும் சேர்த்தி. அன்றன்று வாரிய உப்பைக் கொட்டி அம்பாரம் குவித்து, எல்லோரும் கிளம்பிய பிறகு அதன்மேல் சாம்பல் கரைசலால் குறி போட வேண்டும். ராத்திரியில் யாராவது அள்ளினால் உப்பு சரியும், குறி கலைந்துவிடும். அப்பா போட்டது மூன்று கோடு. அந்த மாதம் கணக்குப்பிள்ளைக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"குறி அப்படியே இருக்குது, அம்பாரம் மட்டும் எளைச்சுகினே போவுது. எவனோ மூணு கோட்டைக் கத்துக்கினான்" என்றார். புதுசாக ஒன்று போட முடியாது என்று அப்பா மடங்காத விரல்களைக் காட்டினார். கணக்குப்பிள்ளை என் பக்கம் திரும்பி, "நீ போடும்மா. எவனுக்கும் தெரியாததா ஒண்ணு போடு" என்றார்.

நான் வேறெதைப் போடுவேன்? பால் டின்னின் அடியில் ஆணியால் ஒரு ஓட்டை, அதை விரலால் அடைத்துக்கொண்டு சாம்பல் கரைசலை ஊற்றினேன். விரலை எடுத்தால் கோடு விழும். நிஜமாகவே பெயின்ட் டப்பா பிடித்த மாதிரி இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அன்றைக்கு எனக்கு அவ்வளவு சந்தோஷம். பொழுது சாயும் நேரத்தில் வெள்ளை அம்பாரத்தில் ஆள் உயரத்துக்கு என் கண் திறந்தது. அம்பாரத்தைப் பார்த்து நின்றால் இடது பக்கம் கடல், வலது பக்கம் ரோடு. கண் கடலைப் பார்த்தது. நான் வீட்டுக்கு வந்தேன். அப்பா நன்றாக இருட்டிய பிறகு காவலுக்குப் போனார்.

காலையில் அவருக்கு டீ எடுத்துக்கொண்டு போனபோது கண் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கோடு ஒன்றும் கலையவில்லை. சொட்டும் இருந்தது. ஆனால் வலது ஓரத்தில் இருந்தது. நான்தான் மாற்றிப் போட்டுவிட்டேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன். அன்று சாயங்காலம் புது உப்பின்மேல் மறுபடி வரைந்தேன். இந்தத் தடவை இடது கையைக் கடல் பக்கம் நீட்டி, சரிபார்த்துக்கொண்டே போட்டேன். மறுநாள் காலையில் கண் மறுபடி ரோட்டைப் பார்த்தது. சுற்றிலும் பாத்திகளில் தண்ணீர் அசையாமல் நின்றது. ஒரு காக்கா கூட இல்லை. டீ டம்ளரை அப்பாவிடம் கொடுக்காமலே ஆட்கள் வந்துகொண்டிருந்த பக்கம் ஓடினேன்.

அந்தப் பயத்தில்தான் வாயை விட்டேன். எல்லோர் முன்னாலும் கணக்குப்பிள்ளையிடம், "நான் கடல் பக்கம் பாக்குற மாதிரிதாங்க போட்டேன். ரெண்டு நாளா அதுவாத் திரும்புது" என்று உளறினேன்.

உப்பு வாரும் பலகையை ஊன்றிக்கொண்டு எல்லோரும் நின்றுவிட்டார்கள். பிறகு கண் எங்கே பார்க்கிறது என்று பார்த்தார்கள். ரோட்டோரத்தில் இருந்தது ஒரே ஒரு குடிசை. அங்கே இருந்த அக்கா எங்களோடுதான் உப்பு வாரினார். ஒன்றரை வருஷத்துக்கு முன் சுனாமி அலை வந்த காலையில் கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த அவர் வீட்டுக்காரர் கிடைக்கவே இல்லை. இப்போதும் பாத்தியில் நிற்கும்போது நடுநடுவே கடல் பக்கம் திரும்பிப் பார்ப்பார்.

"கடல்ல போனவன் கண்ணுய்யா அது. அவன் பொண்டாட்டியக் காட்டுது" என்று யாரோ சொன்னார்கள். அதற்குமேல் யாருக்கும் சாட்சி தேவைப்படவில்லை. கணக்குப்பிள்ளைக்கும் அம்பாரம் இளைத்ததற்கு ஒரு ஆள் கிடைத்தால் போதும்.

"நான் ஒரு கல்லு உப்பு தொட்டிருந்தா என் கையி அழுவிப் போவட்டும்" என்றார் அக்கா. பிறகு என்னிடம், "நீ சொல்லும்மா. நான் எடுப்பனா?" என்று கேட்டார். நான் டீ டம்ளரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் பலகையைக் கீழே வைத்துவிட்டுப் போனார். போகும்போது அம்பாரத்துக்கு முன்னால் நின்று கண்ணையே பார்த்தார். அவரும் நம்பிவிட்டார் என்று தோன்றியது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அன்று சாயங்காலம் நேரத்துக்குக் குறி போடப் போகவில்லை. போகப் பயம். என் கண் உண்மையில் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று தெரிந்தாக வேண்டும்போல இருந்தது. விளையாட்டைப் போட்டேன். சுவரில் கண் இடது பக்கம்தான் பார்த்தது. மனப்பாரம் கொஞ்சம் இறங்கியது. கட்டிலில் படுத்திருந்த அப்பா என்ன செய்கிறார் என்று திரும்பினேன்.

கட்டிலுக்கு எதிரே, பீரோ கண்ணாடிக்குள், அதே கண் வலது பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

நான் போட்ட குறியை அவர் வெளிச்சத்தில் பார்த்ததே இல்லை. இருட்டில் போய், இருட்டிலேயே யாருக்கோ உப்பை அள்ளிக் கொடுத்துவிட்டு, இந்தக் கண்ணாடியில் கற்றதை வைத்து மறுபடி வரைந்திருக்கிறார். மடங்காத விரலால். என் மடியில் கிடந்த ரிமோட்டும் டிவிக்குக் கீழே இருந்த பெட்டியும் எங்கிருந்து வந்தன என்பதும் அப்போதுதான் புரிந்தது.

கண்ணாடிக்குள் அப்பா என்னைப் பார்த்தார். இருவரும் நேருக்கு நேர் திரும்பவில்லை. அடுப்படியில் அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா," என்றார் மெதுவாக. "அந்தக் கண்ணு நெசமா எந்தப் பக்கம் பாக்குது?"

எழுந்து கணக்குப்பிள்ளை வீட்டுக்குப் போயிருக்கலாம், தெருக்கோடிதான். போயிருந்தால் அக்கா மறுநாளே வேலைக்கு வந்திருப்பார், அப்பா ஜெயிலுக்குப் போயிருப்பார். நான் எழுந்தேன். ஸ்டூலோடு டிவியை இழுத்து, பீரோவுக்குப் பக்கத்தில், அவருக்கு நேராகத் தெரியும்படி வைத்தேன். கண்ணைப் பெரிதாக்கிக் காட்டினேன். பிறகு டின்னை எடுத்துக்கொண்டு குறி போடக் கிளம்பினேன்.

மறுநாள் காலையில் கண் கடலைப் பார்த்தது. சொட்டு மட்டும் நான் போட்டதைவிட ஒரு விரற்கடை நீளம். அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

"பாத்தீங்களா?" என்றார் கணக்குப்பிள்ளை எல்லோருக்கும் கேட்கும்படி. "அவ போனதும் கண்ணு கடலுக்கே திரும்பிடுச்சு. இன்னாம்மா, நீ போட்ட மாதிரியே இருக்குதா?"

"ஆமாங்க," என்றேன்.