எந்த ஊசி, ரீச்சர்?

"ரீச்சர், டொக்டர் போட்டார்" என்று மலர் தொலைபேசியில் சொன்னபோது நான் முருங்கைக்காய் வெட்டிக்கொண்டிருந்தேன். மலர், குகநேசன் டொக்டரின் மிருக வைத்திய நிலையத்தில் வருகிறவர்களுக்குப் பெயர் பதிந்து துண்டு எழுதுகிற பிள்ளை. எங்கள் பேச்சில் 'போட்டார்' என்றால் புறப்பட்டுப் போனார் என்றும் வரும், செத்துப்போனார் என்றும் வரும். "எங்கை, கொழும்புக்கோ?" என்று கேட்டேன். அந்தப் பிள்ளை விம்மத் தொடங்கிய பிறகுதான் விளங்கியது. காலையில் குளித்துவிட்டு வந்து கதிரையில் இருந்தவர் பிறகு எழும்பவில்லையாம். ஐம்பத்தெட்டு வயது. இதென்ன நியாயம்?

ஆட்டையும் மாட்டையும் கொண்டு இணுவிலில் அவருடைய வாசலில் காத்துக்கிடந்த உங்களுக்கு அவரைத் தெரியும். சிடுசிடுத்த மனிசன். நேரே முகத்துக்குச் சொல்வார், பிறகு சமாளிக்கவும் மாட்டார். எனக்கும் அவருக்கும் பழக்கம் வந்தது ரொமியால்தான்.

ரொமி எங்கள் நாய், பதினொரு வயது. அது இருமத் தொடங்கியபோது, மீன்முள் சிக்கிவிட்டது என்று நானே வைத்தியம் பார்த்தேன். இரண்டு நாளாக வெறுஞ்சோற்றை உருட்டி உருட்டிக் கொடுத்தேன். டொக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். "முள்ளுமில்லை, ஒண்டுமில்லை. இதயம் வீங்கிக் கிடக்கு. நீங்கள் கணக்கு ரீச்சர்தானே, எண்ணுங்கோ" என்றார். நித்திரையில் நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணவேண்டும். முப்பதைத் தாண்டினால் உடனே கொண்டுவரவேண்டும். அவர் தந்த குளிசையை இதரை வாழைப்பழத்துக்குள் ஒளித்துக் கொடுத்தோம். பழத்தைத் தின்றுவிட்டுக் குளிசையைத் துப்பும், கள்ளன். ஏழு மாதம் அப்படி ஓடியது.

ஒருநாள் பின்னேரம் மூச்சு அறுபதுக்குப் போய்விட்டது. நாக்கு நீலம். ஓட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினேன். "ஊசியைப் போட்டுவிடுங்கோ டொக்டர், படுறபாட்டைப் பாக்கேலாது" என்று கத்தினேன். மனிசன் ஊசியை எடுக்காமல் என்னைப் பார்த்தார்.

"எந்த ஊசி, ரீச்சர்?"

"என்ன விசர்க் கேள்வி! மூச்சு விடேலாமல் கிடக்குது, நீங்கள் எனக்குத் தமிழ்ச் சோதினை வைக்கிறியளோ?"

"முழுசாச் சொல்லுங்கோ. பிழைக்கிறதுக்கோ, சாகிறதுக்கோ?"

"பிழைக்கிறதுக்கு!" என்றேன். சொல்லி முடியுமுன் போட்டுவிட்டார்.

ரொமியின் மூச்சு இறங்கிய பிறகு, கையைக் கழுவிக்கொண்டே சொன்னார். வேலை தொடங்கின காலத்தில் கீரிமலைப் பக்கத்திலிருந்து ஒரு கடற்தொழிலாளி, சைக்கிளில் மீன்பெட்டி கட்டி, அதற்குள் தன் நாயைக் கொண்டுவந்தாராம். அதற்கும் இதே வருத்தம். "ஊசியைப் போட்டுவிடு தம்பி, என்னாலை பாக்கேலாது" என்றாராம். டொக்டரும் போட்டார். அந்த மனிதர் நாயின் தலையைத் தடவியபடியே இருந்து, "இப்ப ஆறுதலாக் கிடக்கிறான். எத்தினை மணிக்கு எழும்புவான், தம்பி?" என்று கேட்டாராம்.

"அந்தாள் என்னை ஏசேல்லை, ரீச்சர். ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்" என்றார் டொக்டர். ரொமியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு ரொமி பழையபடி தேறவே இல்லை. கொழும்பிலிருந்து இன்னொரு மருந்து எடுப்பிக்கலாம், இன்னும் கொஞ்ச நாள் இழுக்கும் என்று டொக்டர் சொன்னார். "எப்பிடியான நாளெண்டு நான் சொல்லமாட்டன்." என் கணவர் மருந்துப் பக்கம். "உயிரை எடுக்க நாங்கள் ஆர்?" என்றார். எனக்கோ ஒரு பக்கமும் இல்லை. "உங்கடை நாயெண்டால் என்ன செய்வியள்?" என்று டொக்டரைக் கேட்டேன். "என்ரை நாய் இல்லையே, ரீச்சர்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மருந்து வந்தது. இரண்டு கிழமை ரொமி வாசல் படலை வரைக்கும் நடந்தது. பிறகு மூன்று நாள் ரொமி படுக்கவில்லை. படுத்தால் மூச்சு அடைக்கும். முன்னங்கால்களை அகட்டி இருந்தபடியே கண் சொருகும், தலை விழும், திடுக்கிட்டு முழிக்கும். என் கணவர் நிலத்தில் இருந்து, தலை விழாமல் அதன் நாடிக்குக் கீழே உள்ளங்கையைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார், அது கொஞ்சம் நித்திரை கொள்ளட்டும் என்று. ஒரு கை விறைத்தால் மற்றக் கை. மூன்றாம் நாள் மத்தியானம் என் முகத்தைப் பார்க்காமல், "டொக்டரை வரச்சொல்லு" என்றார்.

வந்தவர் பையைத் திறக்காமல் நின்றார். "எந்த ஊசி, ரீச்சர்?"

"உங்களுக்குத் தெரியாதோ?"

"தெரியும். நீங்கள் சொல்லவேணும்."

முப்பது வருடம் வகுப்பில் கத்திய வாய். அதாலேயே சொன்னேன். "ரொமி சாகிறதுக்கு ஊசி போடுங்கோ." டொக்டர் இவரைப் பார்த்து, "அண்ணை?" என்றார். "ஓம்" என்றார் இவர். நித்திரைக்கான முதல் ஊசி ஏறியதும், மூன்று நாளாகப் படுக்காத பிள்ளை இவருடைய மடியில் சரிந்து படுத்தது. இரண்டாவது ஊசி அதற்குத் தெரிந்திருக்காது.

"சரியாத்தானே செய்தனாங்கள், டொக்டர்?" என்று கேட்டேன்.

"தெரியாது, ரீச்சர். இன்னும் ஒரு கிழமை நல்லா இருந்திருக்கவும் கூடும். இண்டைக்கே மூச்சுத் திணறிச் செத்திருக்கவும் கூடும். எனக்குத் தெரியாது."

ஒரு பொய் சொல்லியிருக்கக்கூடாதா, பாவி மனிசன்! அழுது தீர்த்தேன். அவர் போட்டிருந்த சேட்டைக் கழற்றிவிட்டு, பின்வளவில் இவரோடு சேர்ந்து ரொமியைப் புதைக்கக் கிடங்கு வெட்டினார்.

அயலில் எல்லோரும் நல்லதைத்தான் செய்தீர்கள் என்றார்கள். கோயிலில் ஒரு அம்மா பெரிய பாவம் என்றார். அவர்களுக்கெல்லாம் நிச்சயமாகத் தெரிந்திருந்தது. இவர் அதைப்பற்றி வாயே திறப்பதில்லை. டொக்டர் மட்டும் ரோட்டில் கண்டால் மோட்டார் சைக்கிளை நிற்பாட்டி, "இப்பவாவது தெரிஞ்சுதோ, ரீச்சர்?" என்பார். "இல்லை, டொக்டர்" என்பேன். "எனக்கும்தான்" என்றுவிட்டுப் போவார். போன மாதமும் அப்படித்தான் போனார்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்தத் 'தெரியாது' ஒன்றுதான். ஐயோ டொக்டர், அதை இவ்வளவு நாளும் நீங்களும் நானுமாக இரண்டு பேராக அல்லவா தூக்கினோம்.