விஜயகலாவுக்கு ஒரு மூடி

பெல்மதுளைக்கு மேலே இருக்கிற தோட்டத்தில் பழைய துரை பங்களாவை இப்போது டூரிஸ்ட்டுகளுக்கு விடுகிறார்கள். அங்கே சமையலும் பரிமாறலும் ஏழுமலைதான். வருகிறவர்கள் சிங்கிள் மோல்ட் விஸ்கிப் போத்தல்களை வரிசையாக வைத்து, ஒன்றை முகர்ந்து, இன்னொன்றைச் சப்பி, எது உசத்தி என்று சண்டை போட்டுக்கொள்வார்கள். போகும்போது போத்தல் அடியில் கொஞ்சம் மிஞ்சும்.

மேனேஜர் ரிப்கான் அதைக் கையாலும் தொடமாட்டார். "ஏழுமலையண்ணே, இந்தச் சனியன சிங்க்ல ஊத்துங்க, இல்லாட்டி எங்கயாவது கொண்டு போங்க. என் கண்ணுல மட்டும் காட்டாதீங்க."

கழுவிய பாணி மருந்துக் குப்பிகளில் ஊற்றி ஏழுமலை தொழிலாளர் லயத்திலிருக்கும் தன் வீட்டுக்குக் கொண்டு வருவார். முதல் தடவை பெண்டாட்டி விஜயகலா சண்டைக்கே வந்துவிட்டாள். வராமல் என்ன செய்வாள்? அவள் தம்பி கசிப்பு என்கிற கள்ளச் சாராயம் குடித்துச் செத்தவன். தோட்டத்துப் பொம்பளைகளைத் திரட்டி, கசிப்புப் பீப்பாய்களைக் கோடாலியால் பிளந்தவள் அவள். அவளைக் கண்டால் குடிகாரன்கள் பாதை மாறிப் போவார்கள்.

"குடிக்கச் சொல்லல புள்ள. மோந்து மட்டும் பாரு," என்றார் ஏழுமலை.

மோந்தாள். முகம் மாறிப்போனது. கேகாலைப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள் அவள். அப்பாவுக்கு, ரப்பர் ஷீட்டுகளைத் தொங்கவிட்டுப் புகை போடுகிற அறையில் வேலை.

"எங்கப்பா சட்ட வாசங்க இது," என்றாள்.

மகள் ஷாமிளா கேகாலையில் ஒரு புடவைக் கடைக்கு வேலைக்குப் போய்விட்டிருந்த காலம் அது. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்து முடிந்ததும் புருஷனும் பெண்டாட்டியும் கதவைச் சாத்திக்கொள்வார்கள். மருந்துக் குப்பி மூடியில் ஆளுக்கு ஒரு மூடி. சொட்டுத் தண்ணீர் விட்டால் வாசம் விரிகிறது என்று கண்டுபிடித்தவள் விஜயகலாதான்.

"இது என்ன, ஆஸ்பத்திரி வார்டு மாதிரி நாறுது?" என்பாள்.

"இதப் பாரு. கித்துள் வெல்லப் பாணி மாதிரி எறங்குது."

"ஒங்களுக்கு இனிச்சாப் போதும். வாயில நாக்கா இருக்கு? சீனி டப்பாதான் இருக்கு. எனக்குப் புகைதான்."

"ஊருக்குள்ள பீப்பா ஒடச்ச தலைவி பேசுற பேச்சப் பாரு!"

"ஒரு மூடி குடிக்கிறது இல்லீங்க. பாக்கிறது." சிரித்துவிட்டு உடனே கதவைப் பார்ப்பாள். "வெளிய சொன்னீங்க, நாண்டுக்கிட்டுச் செத்துருவேன்."

போன மாதம் கொழுந்து பறிக்கிற மலையில் குளவிக் கூடு கலைந்து கொட்டியது. மற்றவர்கள் ஓடித் தப்பினார்கள். விஜயகலா ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே செத்துப்போனாள்.

அவளுக்குப் பிடித்த புகை மோல்ட் ஒரே ஒரு குப்பியில், அடியில் கொஞ்சம் கிடந்தது. பங்களாவுக்குப் புதிதாக வந்த இன்னொரு புகை மோல்ட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று அவளே பத்திரப்படுத்தி வைத்திருந்தாள். அதைக் கையில் பிடித்துக்கொண்டுதான் பதினாறு நாளும் ஏழுமலை தூங்கினார்.

கருமாதி அன்று செத்தவர்களுக்குப் பிடித்ததையெல்லாம் வாழை இலையில் படைத்துவிட்டுக் கதவைச் சாத்துவார்கள். வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார்கள் என்று நம்பிக்கை. ஏழுமலையின் அப்பாவுக்கு முழுப் போத்தல் சாராயமும் சுருட்டும் வைத்தார்கள், ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை. விஜயகலா இலையில் வடை, பாயசம், வெற்றிலை, புதுச் சேலை. யாரும் பார்க்காத நேரத்தில் ஏழுமலை குப்பியைக் கண்ணாடிக் கிளாஸில் கவிழ்த்து, சொட்டுத் தண்ணீர் விட்டு, இலை ஓரத்தில் வைத்தார். பார்வைக்குப் பால் விடாத பிளேன்டீ மாதிரியே இருந்தது. சாம்பிராணிப் புகையில் எந்தப் புகை எது என்று யாருக்குத் தெரியும்?

ஷாமிளாவுக்குத் தெரிந்தது. விளக்கைத் தூண்டக் குனிந்தவள் கிளாஸை எடுத்து முகர்ந்தாள். அப்பாவைக் கையைப் பிடித்துப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

"என்னாப்பா இது? இன்னைக்குமா?"

"அது அம்மாவுக்கு வச்சதும்மா."

"அம்மாவுக்கா? குடிக்கு எதிரா நின்னு, செத்த பொறகும் பேர் சொல்ல வச்சவங்க எங்கம்மா. முன்னுக்கு அத்தன பொம்பளைங்க அவங்களுக்காக அழுதுகிட்டு ஒக்காந்திருக்காங்க. நீங்க குடிச்சிட்டு அவங்க பேரச் சொல்றீங்களே, வாய் கூசல?"

ஏழுமலைக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. ரப்பர் புகை, தாத்தா சட்டை, கதவைப் பார்த்துப் பார்த்துச் சிரித்த சிரிப்பு. சொல்லச் சொல்ல மகள் ஒருநாள் நம்பவும் கூடும். ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் காதுகள் இருந்தன.

"எனக்குத்தாம்மா," என்றார். "மனசு கேக்கல. மறைச்சு வச்சேன்."

அவள் கிளாஸைச் சாக்கடைக் கானில் கவிழ்த்தாள். தண்ணீர் விட்டு இரண்டு தரம் கழுவினாள். பிறகு உண்மையான பிளேன்டீயைச் சுடச்சுட ஊற்றிக்கொண்டுபோய் அதே இடத்தில் வைத்தாள். கதவைச் சாத்தினார்கள். எல்லாரும் முற்றத்தில் காத்திருந்தார்கள். ஷாமிளா அப்பா பக்கம் திரும்பவே இல்லை.

"புள்ள மறக்காம சாயத் தேத்தண்ணி வச்சிருக்கா," என்றாள் விஜயகலாவோடு கொழுந்து பறித்த சுப்பம்மா. "மலையில வெயில் ஏறுனா அதான் கேப்பா. இல்லீங்களாண்ணே?"

எல்லாரும் ஏழுமலையைப் பார்த்தார்கள்.

"ஆமா," என்றார் அவர். "அவளுக்கு அதுதான் பிடிக்கும்."