இருபத்தேழாவது ஆளுக்குத் தூக்காத கை

இந்த மாதிரி விஷயங்களை நம்புகிறவன் இல்லை நான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மதுரையில் சுடுகாட்டை ஒட்டிய வீடு என்று யாரும் வராமல் பூட்டிக் கிடந்ததை, வாடகை குறைவு என்று பல்லை இளித்துக்கொண்டு குடிபோனவன். காத்து கருப்பு என்று எவனாவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன். நீங்களும் இப்போது என்னை அப்படித்தான் பார்க்கிறீர்கள், தெரிகிறது. பரவாயில்லை, பாருங்கள். ஆனால் இது ராத்திரி நடந்ததுகூட இல்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் மூன்று மணி.

எழுபதுகளில் அரபு நாட்டில், அல் கோபாரில் ஒரு அமெரிக்க எண்ணெய்க் கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தேன், மனைவி சரோஜாவும் கூட இருந்தாள். அங்கே அமெரிக்கர்கள் வெள்ளிக்கிழமை லீவில் பேஸ்பால் ஆடுவார்கள். மைதானம் என்றால் புல்லு கில்லு எதுவும் கிடையாது, மணலில் எண்ணெய் ஊற்றி உருளை ஓட்டி இறுக்கியது, அவ்வளவுதான். ஊரில் கிரிக்கெட் லீக் மேட்சுகளுக்கு ஸ்கோர் எழுதினவன் என்று தெரிந்ததும் அந்த வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

கிரிக்கெட்டில் ஒரு பழக்கம் உண்டு. அம்பயர் சைகை காட்டினால், பார்த்துவிட்டேன் என்று ஸ்கோரர் கையைத் தூக்க வேண்டும், தூக்குகிற வரைக்கும் அம்பயர் ஆட்டத்தைத் தொடரவிட மாட்டார். பேஸ்பாலில் அதெல்லாம் கிடையாது. ஆனால் ஊறிப்போன பழக்கம் விடுமா? யார் அவுட் ஆனாலும் என் கை தானாக மேலே போய்விடும். "என்ன மணி, பாத்ரூம் போகணுமா?" என்று கத்திச் சிரிப்பார்கள். சிரிக்காதவர் வால்டர் ஒருத்தர்தான்.

வால்டர் எங்கள் டிராயிங் ஆபீஸுக்கே தலைவர், ரிட்டயர் ஆகப்போகிற வயசு. பேஸ்பால் என்றால் அந்த மனுஷனுக்கு உயிர். அதுவும் பழங்கால ஆட்டம். சம்பளத்துக்கு ஆட ஆரம்பித்த முதல் காலத்தில் யாரும் கையுறை போட மாட்டார்களாம், எறிகிற பந்தை வெறுங்கையால் பிடிப்பார்களாம், மட்டை பிடிக்கிறவன் "உயரமா போடு", "தாழ்வா போடு" என்று எறிகிறவனிடம் கேட்டு வாங்கலாமாம். அவருடைய அப்பாவே அந்தக் காலத்து ஆட்டக்காரர். அவருக்கு ஐம்பது வயதில் பிறந்த பிள்ளை இவர்.

அந்த அப்பா ஒருநாள் எறிந்த ஆட்டத்தில், எதிர் டீமின் ஒன்பது பேர் மூன்று முறை சுற்றி ஆட வந்து, இருபத்தேழு பேரும் அவுட். ஓடித் தொட வேண்டிய முதல் தளத்தைக்கூட ஒருத்தன் தொடவில்லை. லட்சத்தில் ஒன்று நடக்கிற காரியம். ஆனால் அது எந்த ரெக்கார்டிலும் இல்லை. "அன்னைக்கு ஸ்கோர் எழுதினவன் ஊருக்குப் புதுசு மணி. ஆட்டம் முடிஞ்சதும் நோட்டோட காணாமப் போயிட்டான். அப்பா எங்கே போய்ச் சொன்னாலும் புளுகன்னு சிரிச்சாங்க. அந்தச் சிரிப்பைக் கேட்டுக் கேட்டே செத்துப்போனார்," என்று வால்டர் சொல்லும்போது முகமே பார்க்க முடியாது. லீவில் ஊருக்குப் போகும்போதெல்லாம் அந்தக் காகிதத்தைத் தேடித்தான் அலைவார். எனக்கு அவரை நினைத்தால் பாவமாக இருக்கும்.

அவர் ஊர் திரும்புவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை, அவருக்காகவே ஒரு ஆட்டம் வைத்தார்கள். ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் புழுதிக்காற்று கிளம்பியது. எழுந்து ஓடலாமா என்று பார்த்தால் பந்து கையில் விழுகிற 'டொப்' சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது, ஆட்டம் நடக்கும்போது ஸ்கோரர் எழுந்து போகக்கூடாது, உட்கார்ந்துவிட்டேன். புழுதிக்குள் ஆட்டம் மங்கலாகத் தெரிந்தது. எறிகிறவர் நெட்டையாக, காலர் வைத்த கம்பளிச் சட்டையில் இருந்தார். ஒருத்தர் கையிலும் உறை இல்லை. வால்டரை வழியனுப்பப் பழைய வேஷம் போட்டிருக்கிறார்கள் போல என்றுதான் நினைத்தேன். அம்பயர் ஒவ்வொரு பெயராகக் கத்தினார், காதில் விழுந்ததை எழுதினேன். "தாழ்வா போடு" என்று ஒரு குரல் இங்கிலீஷில் கேட்டது. அடடா, என்னமாய் நடிக்கிறார்கள் என்றுகூட நினைத்தேன்.

ஒவ்வொரு அவுட்டுக்கும் அந்த நெட்டை மனுஷர் என் பக்கம் திரும்பி நிற்பார். நான் கையைத் தூக்குவேன். தூக்கின பிறகுதான் அடுத்த பந்து. சத்தியமாகச் சொல்கிறேன், அப்படி ஒரு எறியை நான் கிரிக்கெட்டிலும் பார்த்ததில்லை, பேஸ்பாலிலும் பார்த்ததில்லை. இருபத்தைந்து, இருபத்தாறு என்று எழுதிக்கொண்டே போனேன். இருபத்தேழாவது ஆளுக்கான கடைசிப் பந்தும் 'டொப்' என்று விழுந்தது, எழுதிவிட்டுக் கையைத் தூக்குவதற்குள் கண்ணில் தூசி விழுந்துவிட்டது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தால் மைதானத்தில் ஈ காக்கை இல்லை.

வால்டரும் வேன் டிரைவர் பஷீரும் ஓடி வந்தார்கள். பஷீர் மலபார்க்காரர், முகம் வெளுத்துப்போயிருந்தது. "எங்கே போயிட்டீங்க மணி பாய்? காத்து அடிச்சதுமே ஆட்டம் கலாஸ், எல்லாரும் வேனுக்கு ஓடி வந்தாச்சு. ஒன்றரை மணி நேரமா நாலு வாட்டி வந்து பார்த்தேன். நாற்காலி இருக்கு, ஆள் மாஃபி, காணவே காணோம்!"

"விளையாடாதேய்யா, இங்கேதான் உட்கார்ந்திருந்தேன்," என்று நோட்டை நீட்டினேன். வால்டர் வாங்கிப் பார்த்தார். ஒன்பது பெயர், மூன்று சுற்று, இருபத்தேழு அவுட். பெயர்களை வாய்க்குள் படித்துக்கொண்டே வந்தவர் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு அவுட் ஆனவர்கள் என்று அவர் அப்பா தினமும் படுக்கும்போது ஜெபம் மாதிரி சொல்லுகிற பெயர்களாம், அதே வரிசையாம். ஏழாவது பெயர் மட்டும் அப்பாவுக்குக் கடைசி வரைக்கும் ஞாபகம் வரவில்லையாம். என் நோட்டில் அது இருந்தது.

"அந்த ஸ்கோரரைப் பத்தி உன்கிட்ட ஒண்ணு சொல்லலை," என்றார் வால்டர். "கறுப்பா, ஒல்லியா, கண்ணாடி போட்டவன். ஒவ்வொரு அவுட்டுக்கும் கையைத் தூக்கினான்னு அப்பா சொல்வார். நீ இங்கே முதல் நாள் கையைத் தூக்கினப்பவே எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அதனாலதான் இத்தனை வருஷமா உன்னைத் தவிர யாரையும் எழுத விடலை."

அந்த மனுஷரைப் புளுகன் ஆக்கிவிட்டு நோட்டோடு ஓடினவன் நான்தானா?

"கடைசி ஆளுக்கு மட்டும் அவன் தூக்கலையாம் மணி. அப்பா பார்த்துக்கிட்டே நின்னாராம்."

கடைசி ஆளுக்கு நான் கை தூக்காததை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. சொல்ல நேரமே இல்லை. எழுந்து, அந்த வெறும் மைதானத்தைப் பார்த்து என் வலது கையைத் தூக்கினேன். தோள் வலிக்கிற வரைக்கும் இறக்கவில்லை. வால்டர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். நோட்டை அவரிடமே கொடுத்துவிட்டேன். "இதை எவன் நம்புவான்? எனக்குப் போதும்," என்று மார்போடு அணைத்துக்கொண்டு போனார். பிறகு நான் அவரைப் பார்க்கவே இல்லை.

புழுதியில் எனக்குப் புத்தி கலங்கியிருக்கும், பஷீருக்குக் கண் தெரிந்திருக்காது, என்று நீங்கள் சொல்லலாம். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டே வீட்டுக்குப் போனேன். வாசலில் ஷூவைக் கழற்றினேன். சரோஜா குனிந்து எடுத்தவள் கத்தினாள்.

"எங்கே போய்ட்டு வாரீங்க? இந்த ஊர்ல மழை பேஞ்சு எட்டு மாசமாச்சு. இம்புட்டுச் சேறு எங்கிட்டிருந்து வந்துச்சு?"

கறுப்புச் சேறு, ஈரம் காயவில்லை. அதில் பச்சைப் புல் ஒட்டியிருந்தது.