மொட்டைக்கு லீவு இல்லை

மொட்டைத் தலையைக் காட்டினால் லீவு கிடைத்துவிடும் என்று நம்பிய முட்டாள் நான். மீசையும் இல்லாமல், துடைத்து வைத்த குண்டான் மாதிரி பளபளத்துக்கொண்டு கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் எங்கள் அலுவலகத்துக்குப் போனேன்.

வாசலில் செக்யூரிட்டி, "என்னண்ணே, தைப்பூசம்தான் முடிஞ்சிருச்சே!" என்றார். லிஃப்டில் மேனேஜர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். நேர்த்திக்கடனுக்கு வாழ்த்துகிறாராம். பக்கத்து மேசைக்காரி பிரசாதம் எங்கே என்று கேட்டாள்.

கிள்ளானில் என் பெரியப்பா இறந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. பள்ளியில் படிக்கும்போதே என் அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளையில்லாத பெரியப்பாதான் என்னை வளர்த்தார். அதனால் கொள்ளி வைத்ததும் நான், மொட்டை போட்டதும் நான். பதினாறாம் நாள் காரியத்துக்கும் நான்தான் உட்கார வேண்டும். அது ஒரு புதன்கிழமையில் வந்து விழுந்தது. என் கையிலோ லீவு இல்லை. கடைசியாக இருந்த ஒரு நாளை, பெரியப்பாவை எரித்த அன்றே எடுத்தாயிற்று. அதற்கு முன்னால் இருந்ததையெல்லாம் லங்காவித் தீவில் பனானா போட் என்ற ரப்பர் படகிலிருந்து திரும்பத் திரும்பக் கடலில் விழுவதற்குச் செலவழித்திருந்தேன்.

லீவு விஷயங்களைப் பார்க்கும் அக்கா நம் ஆள். நெற்றியில் விபூதிக் கீற்று. புரிந்துகொள்வார் என்று போய் நின்றேன்.

"யாரு தம்பி தவறுனது?"

"பெரியப்பாக்கா."

"அடடா. பெரியப்பாவுக்குக் கெடையாதுலா. அப்பா, அம்மா, பொண்டாட்டி, புள்ளைங்க. அவ்ளோதான் பாலிசி."

"நான்தாங்க்கா கொள்ளி வச்சேன்."

அக்கா என் தலையைப் பார்த்தார். "அது தெரியுது. சிஸ்டத்துக்குத் தெரியாது. அன்பெய்ட் போட்டுக்குங்க."

எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. ஏறுவதை எல்லோரும் பார்க்கும்படி மண்டை வேறு திறந்து கிடந்தது. சம்பளம் போனால் போகட்டும். என்னைத் தூக்கி வளர்த்தவரை யாரோ எவரோ என்று ஒரு கம்ப்யூட்டர் சொல்வதா?

வெளியே வந்து பெரியம்மாவுக்கு போன் போட்டேன். இப்போதெல்லாம் பலரும் காரியத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிக்கொள்கிறார்களே, நாமும் மாற்றினால் என்ன என்று மெல்ல இழுத்தேன்.

"ஏன்டா, அவரு ஒன் லீவப் பாத்தா செத்தாரு?"

போன் வைக்கப்பட்டது.

திரும்பப் போய் அக்கா எதிரில் உட்கார்ந்தேன். சம்பளமில்லாத லீவுக்கே அவர் என் பெயரைத் தட்டிக்கொண்டிருந்தார். புதன்கிழமை எப்படியும் கிள்ளானில் இருப்பேன், அது முடிவாகிவிட்டது. ஆனால் சும்மா விட மனம் வரவில்லை. வருஷக் கடைசியில் மிஞ்சும் லீவை கேரி ஃபார்வர்ட் என்று அடுத்த வருஷத்துக்குக் கொண்டுபோக விடுகிறார்கள் அல்லவா? அது ஞாபகம் வந்தது.

"அக்கா, அப்பா செத்தா மூணு நாள்தானே?"

"ஆமா."

"எங்கப்பா நான் வேலைக்கு வர்றதுக்கு முன்னாடியே போயிட்டாரு. அந்த மூணு நாள நான் தொடவே இல்ல. சும்மாதானே கெடக்கு? அதுலேருந்து ஒரு நாள எடுத்துப் பெரியப்பாவுக்குக் குடுங்களேன்."

அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"செத்தவங்க லீவுக்கு கேரி ஃபார்வர்ட் கெடையாது, தம்பி."